3-1187 எங்கே போனது? உபுண்டு 18.04-இலிருந்து 22.04-க்கு மாறிய ஒரு சர்வரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பல கிளைகள் கொண்ட ஒரு நூலக அமைப்பின் உறுப்பினர் பதிவு, இரவல், திருப்புதல், அபராதம் ஆகிய அனைத்தும் ஒரே சர்வரில் நடந்துவந்தன. அது ஒரு மெய்நிகர் கணினி, அதாவது பெரிய கணினி ஒன்றுக்குள் மென்பொருளால் இயங்கும் கணினி. இயங்குதளம் உபுண்டு 18.04, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 12, அதன்மேல் பைத்தானில் எழுதிய ஒரு செயலி. நானும், வேலையில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்த இளைய நிர்வாகி ஒருவரும் அதைப் பராமரித்தோம்.

18.04 வெளியானது 2018 ஏப்ரலில். நீண்டகால ஆதரவு வெளியீடு என்பதால் ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன. 2023 மே மாதத்தோடு அந்த வழக்கமான ஆதரவு முடிவதாக இருந்தது. சந்தா வழியாக மேலும் சில ஆண்டுகளுக்குத் திருத்தங்களைப் பெறும் வழி இருந்தது. ஆனால் எங்களை நெருக்கியது இயங்குதளம் மட்டுமல்ல. 18.04-இல் இருந்த பைத்தான் 3.6-இன் ஆதரவு 2021 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. செயலியை எழுதியவர்கள் அதன் அடுத்த பதிப்பைப் புதிய பைத்தானில்தான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். எனவே 22.04-க்குப் போவதென்று முடிவாயிற்று.

இந்தக் கதையில் ஒரு விவரம் முக்கியம். உறுப்பினர் எண் என்பது கிளை எண், ஒரு சிறு கோடு, வரிசை எண் என்ற அமைப்பில் இருக்கும். மூன்றாம் கிளையின் 1187-ஆம் உறுப்பினர் 3-1187. முப்பத்தொன்றாம் கிளையின் 187-ஆம் உறுப்பினர் 31-187. நடுவில் கோடு இருப்பதால் அது எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாகத்தான் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டிருந்தது. அப்போது யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய விஷயமாகவும் அது தெரியவில்லை.

முன்கூட்டியே எடுத்த முடிவுகள்

நீண்டகால வெளியீடுகளில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்க முடியாது. 18.04-இலிருந்து 20.04, அங்கிருந்து 22.04 என்று இரண்டு படிகளாகத்தான் ஏற வேண்டும். இதில் எங்களுக்குத் தேர்வு இல்லை.

புதிய கணினி ஒன்றை 22.04-இல் நிறுவித் தரவை அங்கே கொண்டுபோவதா, இருக்கும் கணினியையே மேம்படுத்துவதா என்பதில் தேர்வு இருந்தது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். கிளைகளில் இருந்த பழைய முனையங்களில் சர்வரின் முகவரி நேரடியாக எழுதப்பட்டிருந்தது. எந்த இணைப்பை அனுமதிப்பது என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் விதிகளும் அந்த முகவரியை நம்பியே இருந்தன. முகவரியைப் புதிய கணினிக்கு மாற்றுவது முடியாத காரியம் அல்ல. வலைப்பின்னல் பிரிவோடு தேதி பேசி ஒழுங்குசெய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அந்த அலைச்சலைத் தவிர்த்தேன் என்பதே உண்மை.

அடுத்த முடிவு, போஸ்ட்கிரெஸின் பதிப்பைத் தொடாமல் விடுவது. 12-ஆம் பதிப்பை உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலிருந்து அல்லாமல் போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தோம். 20.04-க்கும் 22.04-க்கும் அதே 12 அங்கே கிடைத்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் பாடம். இயங்குதளம் மாறும், தரவுத்தளம் அப்படியே இருக்கும் என்று நினைத்தோம். இந்த எச்சரிக்கையே பின்னால் எங்களைக் குழியில் தள்ளியது.

ஒத்திகையையும் ஒழுங்காகத்தான் செய்தோம். இயங்குதளம் இருந்த வட்டை நகலெடுத்து, தனி வலைப்பின்னலில் ஏற்றி, இரண்டு படி மேம்படுத்தலையும் நடத்திப் பார்த்தோம். தரவு இருந்த வட்டை மட்டும் நகலெடுக்கவில்லை. உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் சோதனைக் கணினியில் கிடக்கக் கூடாது என்று கருதினோம். அதற்குப் பதிலாகத் தரவுத்தளத்தை டம்ப் எடுத்து (உள்ளடக்கத்தை மட்டும் ஒரு கோப்பாக எழுதியெடுத்து), தனிப்பட்ட விவரங்களை மறைத்து, மேம்படுத்தல் முடிந்த சோதனைக் கணினியில் ஏற்றினோம். எல்லாம் ஓடியது. இந்த முடிவு தவறென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் ஒத்திகையில் தரவு வந்து சேர்ந்த வழியும், உண்மையான நாளில் அது வந்து சேர்ந்த வழியும் வேறு வேறு என்பதை நாங்கள் எங்கும் எழுதி வைக்கவில்லை.

மேம்படுத்திய இரவு

சனிக்கிழமை கிளைகள் மூடிய பிறகு செயலியையும் தரவுத்தளத்தையும் நிறுத்தி, திரும்பிப் போக வசதியாகக் கணினியின் அந்த நேரத்து நிலையை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்தோம். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த ஸ்னாப்ஷாட்டை நான் நம்புவதில்லை.

மேம்படுத்தும் கருவி, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் இணைப்பு வழியாக ஓடுகிறது என்று தெரிந்ததும் முதலில் எச்சரித்தது. பிறகு அவசரத்துக்கு 1022 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) இன்னொரு எஸ்எஸ்எச் சேவையைத் திறப்பதாகச் சொன்னது. அந்தப் போர்ட்டை ஃபயர்வாலில் முன்பே திறந்து வைத்திருந்தோம். இணைப்பு நடுவில் அறுந்தாலும் வேலை நிற்காதபடி கருவியே ஸ்கிரீன் அமர்வு ஒன்றுக்குள் ஓடுகிறது. இருந்தாலும் மெய்நிகர் கணினியின் கன்சோலையும் பக்கத்துத் திரையில் திறந்து வைத்துக்கொண்டோம்.

பேக்கேஜ்கள் இறங்கி நிறுவத் தொடங்கியதும் கேள்விகள் வந்தன. நாங்கள் மாற்றியிருந்த ஒவ்வொரு அமைப்புக் கோப்புக்கும், பேக்கேஜுடன் வந்த புதியதை வைப்பதா, இருப்பதையே வைத்துக்கொள்வதா என்று கேட்டது. எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்புக்கு வந்தபோது இளையவர் புதியதற்கான விசையை நோக்கி விரலைக் கொண்டுபோனார். வித்தியாசத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தோம். கடவுச்சொல் வழி நுழைவைத் தடுக்க நாங்கள் சேர்த்திருந்த வரி புதிய கோப்பில் இல்லை. பழையதையே வைத்துக்கொண்டோம்.

இன்னொரு கேள்வி இதைவிட அபாயமானது. எல்லாம் முடியும் தறுவாயில், இனி பயன்படாத பேக்கேஜ்களை நீக்கவா என்று கருவி கேட்கும். மேம்படுத்தத் தொடங்கும்போதே மற்றவர்களின் களஞ்சியங்களை அது முடக்கிவிடுவதால், அங்கிருந்து வந்த பேக்கேஜ்கள் அதன் கண்ணுக்கு ஆதரவற்றவையாகத் தெரியும். அந்தப் பட்டியலை விரித்துப் பார்த்தபோது போஸ்ட்கிரெஸ் 12 அதில் இருந்தது. இல்லை என்று பதில் சொல்லி, களஞ்சியத்தைப் புதிய வெளியீட்டின் பெயருக்கு மாற்றி, மீண்டும் இயக்கினோம். இந்த இடத்தில் தூக்கக் கலக்கத்தில் ஆம் என்று சொன்னவர்கள் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஞாயிறு காலையில் 22.04-க்கான இரண்டாவது படியும் பெரிய சிக்கலில்லாமல் முடிந்தது. பைத்தான் 3.6 போய் 3.10 வந்ததால் செயலிக்கான பைத்தான் நிரல்களை வைத்திருந்த மெய்நிகர் சூழலை அழித்துப் புதிதாகக் கட்டினோம். இது எதிர்பார்த்ததுதான். உள்நுழைந்து பார்த்தோம், ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்துத் திருப்பினோம், மாத அறிக்கையை எடுத்தோம். எல்லாம் சரியாக இருந்தன. மதியம் செயலியைத் திறந்துவிட்டோம்.

திங்களும் செவ்வாயும் கவனித்தவை

திங்கள் காலை பதினொரு மணிக்கு மூன்றாம் கிளையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. “சார், அட்டை என் கையில் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் அப்படி ஒருவரே இல்லை என்கிறது. பெயரைப் போட்டுத் தேடினால் வருகிறார்” என்றார் அங்கிருந்த நூலகர். அந்த எண் 3-1187. மாலைக்குள் வெவ்வேறு கிளைகளிலிருந்து இதே மாதிரி ஆறு அழைப்புகள். ஆனால் ஆயிரக்கணக்கான இரவல்கள் எந்தத் தடையும் இல்லாமல் நடந்துகொண்டுதான் இருந்தன.

நான் சந்தேகித்தது செயலியை. பைத்தான் மாறியிருக்கிறது, தரவுத்தளத்தோடு பேசும் நிரல் நூலகம் மாறியிருக்கிறது. எண்ணுக்கு முன்னோ பின்னோ கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை முழுவதையும் அதிலேயே கழித்தேன். பதிவுகளைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. செயலியை மறுபடி தொடங்கினேன், தற்காலிக நினைவகத்தைக் காலி செய்தேன். அது ஆராய்ச்சி அல்ல, தவிப்பு.

விடையை முதலில் தொட்டவர் இளையவர். புதன் காலை செயலியை விட்டுவிட்டுத் தரவுத்தளத்திலேயே நேரடியாகக் கேட்டுப் பார்த்தார். உறுப்பினர் எண் 3-1187-க்குச் சமமான வரியைக் கேட்டபோது பூஜ்ஜியம் வரிகள். அதே கேள்வியில் உறுப்பினர் எண்ணோடு ஒரு வெற்றுச் சரத்தை ஒட்டிவைத்துக் கேட்டபோது ஒரு வரி வந்தது. வெற்றுச் சரத்தை ஒட்டினால் மதிப்பு மாறாது. ஆனால் தரவுத்தளம் அப்போது இன்டெக்ஸை, அதாவது வரி எங்கே இருக்கிறது என்று காட்டும் பட்டியலை, பயன்படுத்த முடியாமல் அட்டவணை முழுவதையும் வரிவரியாகப் படிக்கும். “வரி இருக்கிறது சார், அதற்கு வழிகாட்டும் பலகைதான் தப்பாக இருக்கிறது” என்றார். பெயரைக் கொண்டு தேடினால் ஏன் கிடைத்தது என்பதும் அதோடு விளங்கியது. அந்தத் தேடல் பெயரின் நடுப்பகுதியையும் பார்ப்பதால் இன்டெக்ஸைத் தொடுவதே இல்லை.

என்ன நடந்திருந்தது

எழுத்துச் சரங்களில் எது முன், எது பின் என்பதைப் போஸ்ட்கிரெஸ் தானாகத் தீர்மானிப்பதில்லை. வழக்கமான அமைப்பில் அது இயங்குதளத்தின் சி மொழி நிரல் நூலகமான ஜிலிப்சியிடம் கேட்கிறது. ஜிலிப்சி 2.28-ஆம் பதிப்பில், 2018 ஆகஸ்டில், வரிசைப்படுத்தும் விதிகள், எழுத்து வரிசைக்கான ஐஎஸ்ஓ 14651 என்ற உலகத் தரத்தின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஏற்பப் பெரிய அளவில் மாறின. உபுண்டு 18.04-இல் இருந்தது 2.27. 20.04-இல் இருப்பது 2.31. நாங்கள் சனிக்கிழமை இரவில் அந்த எல்லையைத் தாண்டியிருந்தோம்.

மாற்றம் எங்களுக்கு எங்கே இடித்தது என்றால், அந்தச் சிறு கோட்டில். பழைய விதியில், முதல் ஒப்பீட்டின்போது கோடு கண்டுகொள்ளப்படாது. 3-1187, 31-187 இரண்டும் 31187 என்றே பார்க்கப்பட்டு அடுத்தடுத்து நிற்கும். புதிய விதியில் கோடும் ஓர் எழுத்து, அது எண்களுக்கு முன்னால் வரும். எனவே 3- என்று தொடங்குபவை அனைத்தும் ஒன்றாக முன்னே போய்விடும், 31- என்று தொடங்குபவை தள்ளி நிற்கும். ஸ்னாப்ஷாட்டைத் தனியாக எழுப்பி, 11, 1-1 என்ற இரண்டே வரிகளை வரிசைப்படுத்தும் கட்டளைக்குக் கொடுத்துப் பார்த்தோம். பழைய கணினி 11-ஐ முன்னால் வைத்தது. புதியது 1-1-ஐ முன்னால் வைத்தது. இரண்டு நாள் தேடியதற்கு இரண்டு வரியில் பதில்.

பி-ட்ரீ இன்டெக்ஸ் என்பது நூலகத்தின் அட்டைப் பெட்டியைப் போன்றது. பழைய விதிப்படி அடுக்கிய அட்டைகள் இழுப்பறைகளில் அப்படியே இருக்கின்றன. புதிதாக வந்தவர் புதிய விதிப்படி எந்த இழுப்பறை என்று கணித்து அங்கே போய்ப் பார்க்கிறார். போகும் பாதையில் இரு விதிகளும் ஒத்துப்போனால் அட்டை கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. பெரும்பாலான தேடல்கள் வெற்றி பெற்றதற்கும் சில மட்டும் தோற்றதற்கும் காரணம் இதுதான்.

ஒத்திகை ஏன் இதைக் காட்டவில்லை என்பதும் இப்போது வெளிச்சமாயிற்று. டம்ப்பிலிருந்து ஏற்றும்போது இன்டெக்ஸ்கள் புதிதாகக் கட்டப்படுகின்றன. அதாவது அட்டைகள் புதிய விதிப்படியே அடுக்கப்படுகின்றன. போஸ்ட்கிரெஸைப் புதிய பெரிய பதிப்புக்கு டம்ப் வழியில் மாற்றியிருந்தாலும் இதே நன்மை கிடைத்திருக்கும். தரவுத்தளத்தைத் தொடாமல் விட்டதால் அட்டைப் பெட்டி பழையபடியே புதிய வீட்டுக்கு வந்துவிட்டது. போஸ்ட்கிரெஸ் 15 முதல், தரவுத்தளம் உருவானபோது இருந்த வரிசைமுறைப் பதிப்பு மாறிவிட்டால் இணையும்போதே எச்சரிக்கை வருகிறது. 12 வாய் திறக்கவில்லை.

இன்டெக்ஸ்களின் ஒழுங்கைச் சரிபார்க்கும் ஆம்செக் என்ற நீட்டிப்பை நிறுவி எல்லா இன்டெக்ஸ்களையும் சோதித்தோம். எண், தேதி ஆகியவற்றின் மீதானவை அனைத்தும் நலம். எழுத்துச் சரங்களின் மீதானவற்றில் பல, வரிசை குலைந்திருப்பதாகப் பிழை காட்டின.

அதைவிடக் கவலை தந்தது

தேடல் தோற்பது தொந்தரவு. ஆனால் உறுப்பினர் எண்ணின் மீது இருந்தது தனித்துவ இன்டெக்ஸ். இந்த எண் ஏற்கெனவே இருக்கிறதா என்பதைத் தரவுத்தளம் அந்த இன்டெக்ஸைப் பார்த்துத்தான் சொல்கிறது. அது இல்லை என்று சொன்னால், இரண்டாவது வரி உள்ளே நுழைந்துவிடும்.

நுழைந்திருந்தது. கிளைகளில் இணைப்பு இல்லாத நேரத்தில் சேரும் திருத்தங்களை இரவில் ஒரு வேலை மொத்தமாக ஏற்றும். எண் இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர் என்பது அதன் கட்டளை. இருப்பவர்களில் சிலரை இல்லாதவர்களாகக் கருதி அது புதிதாகச் சேர்த்திருந்தது. இன்டெக்ஸ் தேடல்கள் அனைத்தையும் அணைத்துவிட்டு எண்ணிப் பார்த்தபோது 312 எண்கள் இரட்டிப்பாகியிருந்தன. அவற்றில் 289 இரவு வேலையின் கைவண்ணம், மீதி 23 முகப்பில் இருந்தவர்கள் பதிந்தவை. புதிதாகச் சேர்ந்த வரி புதிய விதிப்படி சரியான இடத்தில் அமர்ந்துவிடுவதால், அடுத்த முறை தேடும்போது அது பெரும்பாலும் கிடைத்துவிடும். செவ்வாய் இரவு இரட்டைகள் மிகக் குறைவாகவே சேர்ந்தன. அழைப்புகளும் குறைந்தன. இன்னும் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டிருந்தால் பிரச்சினை தானாகச் சரியாகிவிட்டது என்று கோப்பை மூடியிருப்போம்.

பின்வாங்குவதா, முன்னே போய்ச் சரிசெய்வதா

ஸ்னாப்ஷாட் கையில் இருந்தது. திரும்பிப் போனால் ஞாயிறு மதியம் முதல் புதன் வரை நடந்த இரவல்களும் திருப்புதல்களும் தொலைந்துவிடும். புத்தகம் வாசகரின் வீட்டில் இருக்கும், கணக்கில் அலமாரியில் இருக்கும். மறுபக்கம், அட்டவணைகளில் இருந்த தரவு எதுவும் கெடவில்லை. கெட்டவை இன்டெக்ஸ்கள், அவற்றைத் தரவிலிருந்தே திரும்பக் கட்டலாம். இரட்டைகளை அடையாளம் காணவும் முடிந்தது. எனவே முன்னே போவதென்று முடிவெடுத்தேன். தரவே சிதைந்திருந்தால் அந்த முடிவு வேறாக இருந்திருக்கும்.

புதன் மாலை செயலியை மூடினோம். எதையும் தொடுவதற்கு முன் பேக்கப் எடுக்கப் போனபோதுதான் இரண்டாவது அதிர்ச்சி. இரவுதோறும் சர்வரிலிருந்து பேக்கப்பை இழுத்துக்கொள்ளும் பழைய பெட்டி ஒன்று வேறொரு அறையில் இருந்தது. ஞாயிறு முதல் அதில் ஒன்றும் சேரவில்லை. 22.04-இல் வரும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்எச், அடையாளத்தை நிரூபிக்கும் கையொப்பங்களில் பழைய ஷா-1 அடிப்படையிலான ஆர்எஸ்ஏ வகையை இயல்பாக ஏற்பதில்லை. அந்தப் பெட்டிக்கு வேறு வகை தெரியாது. மூன்று இரவுகள் அது கதவைத் தட்டித் திரும்பியிருக்கிறது, யாருக்கும் மின்னஞ்சல் போகவில்லை. அன்றைக்குக் கையால் டம்ப் எடுத்து வேறிடத்தில் வைத்தோம். டம்ப் அட்டவணையை முழுவதுமாகப் படிப்பதால் இன்டெக்ஸ் கெட்டிருந்தாலும் எல்லா வரிகளும் வந்துவிடும். ஆனால் இரட்டைகளோடு அதைத் திரும்ப ஏற்றினால் தனித்துவ இன்டெக்ஸைக் கட்டும் இடத்தில் நின்றுவிடும் என்பதையும் குறித்துக்கொண்டோம்.

பிறகு இரட்டைகளை இணைத்தோம். இரவல் அட்டவணை உறுப்பினர் எண்ணைக் கொண்டு அல்லாமல் உள்ளே இருக்கும் ஒரு முழு எண் அடையாளத்தைக் கொண்டு உறுப்பினரைச் சுட்டியது. பழைய வரியின் அடையாளத்துக்குப் புதிய வரியின் இரவல்களை மாற்றி, புதிய தொலைபேசி எண் இருந்தால் அதை மேலே எழுதி, புதிய வரியை நீக்கினோம். செயலியை முதலில் வடிவமைத்தவர் யாரோ, அவருக்கு அன்றிரவு மனதுக்குள் நன்றி சொன்னேன். இது முடிந்ததும் எல்லா இன்டெக்ஸ்களையும் மீண்டும் கட்டும் கட்டளையைக் கொடுத்தோம். முதல் முறை, இந்த எண் இரட்டிப்பாக உள்ளது என்று நின்றது. ஓர் இரட்டை எங்கள் கண்ணில் படாமல் போயிருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டியபோது நாற்பது நிமிடங்களில் முடிந்தது. ஆம்செக் எந்தக் குறையும் சொல்லவில்லை. வியாழன் காலை கிளைகள் வழக்கம்போலத் திறந்தன.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

மேம்படுத்தும் முன் இரண்டு வெளியீடுகளிலும் ஜிலிப்சியின் பதிப்பைப் பார்ப்பது, அந்த இரண்டு வரி வரிசைச் சோதனையை இரண்டு பக்கமும் ஓட்டுவது ஆகியவை இப்போது எங்கள் பட்டியலின் தலையில் இருக்கின்றன. விதி மாறாவிட்டாலும், செயலியைத் திறக்கும் முன் எழுத்துச் சர இன்டெக்ஸ்களைத் திரும்பக் கட்டிவிடுவோம். நாற்பது நிமிடத்தை மிச்சம் பிடித்து மூன்று நாளை இழந்திருக்கிறோம்.

அட்டவணையில் உறுப்பினர் எண் நெடுவரிசையின் வரிசைமுறையை, பைட் மதிப்பை மட்டும் பார்க்கும் ‘சி’ என்பதற்கு மாற்றிவிட்டோம். அது ஜிலிப்சியின் மொழி விதிகளைச் சார்ந்ததல்ல, எனவே மாறாது. எண் வடிவில் இருக்கும் அடையாளங்களை மொழி விதிப்படி அடுக்க வேண்டிய அவசியமே முதலிலிருந்து இருக்கவில்லை. பெயர் நெடுவரிசை மட்டும் பழையபடியே இருக்கிறது.

புதிய கணினிக்குப் போகும் வழியைத்தான் அடுத்த மேம்படுத்தலில் எடுப்போம், தரவை டம்ப் வழியாக நகர்த்துவோம். தரவுத்தளம் பெரிதாகி டம்ப் நேரம் தாங்காவிட்டால், வரிகளின் மாற்றங்களை மட்டும் அனுப்பும் தருக்க நகலாக்கம் இருக்கிறது. இயங்குதளம் வேறாக உள்ள கணினிக்கு வட்டின் பைட்களை அப்படியே அனுப்பும் நகலாக்கம் உதவாது. அதுவும் பழைய அட்டைப் பெட்டியைத்தான் சுமந்துகொண்டு போகும். ஒத்திகையில் தனிப்பட்ட விவரங்களை மறைக்கும் பழக்கம் தொடர்கிறது. ஆனால் மறைத்த தரவைப் பழைய வெளியீட்டிலேயே ஏற்றி, அதோடு சேர்த்தே மேம்படுத்துகிறோம்.

பேக்கப் பெட்டிக்காகப் பழைய கையொப்ப வகையைச் சர்வரில் மீண்டும் அனுமதிக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. ஒரு வாரம் மட்டும் அப்படி விட்டு, பெட்டியை மாற்றினோம். பேக்கப் வரவில்லை என்றால் காலை எட்டு மணிக்குள் இருவருக்கும் செய்தி வருகிறது.

முகப்பில் பதிந்த 23 இரட்டைகளில் 19, அதே உறுப்பினரையே அதே எண்ணில் மீண்டும் பதிந்தவை. மீதி நான்கில், ஒரே எண்ணில் உண்மையிலேயே இரண்டு வெவ்வேறு மனிதர்கள் இருந்தார்கள். புதிய உறுப்பினருக்கு எண் தரும் திரை, காலியாக இருப்பதாக நம்பி இன்னொருவரின் எண்ணை எடுத்துக் கொடுத்திருந்தது. இவர்களை எந்தக் கட்டளையாலும் இணைக்க முடியவில்லை. காகிதப் படிவங்களைக் கிளைகளிலிருந்து வரவழைத்து ஒப்பிட்டு, பின்னால் வந்த நால்வருக்கும் புதிய எண்ணில் அட்டை அடித்துக் கொடுத்தோம். அந்த வேலை முடிய மேலும் பதினொரு நாள் ஆனது.